தொட்டியின் அடி தெரிய வேண்டும்

தூத்துக்குடியில் பிறந்துவிட்டு வீட்டில் மீன் வளர்த்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. விடிந்தால் கடற்கரையில் மீன் குவிகிற ஊர் அது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் கூடைக்காரிகள் முறத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில், தின்பதற்கு இல்லாமல் சும்மா பார்ப்பதற்கென்றே மீன் வைத்திருந்த வீடு எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். கடலில் கிடப்பது போதாதா என்று கேட்காத ஆள் இல்லை. அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு முழு உரிமையும் என்னுடையது. அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி.

மீன் என்னுடையது என்றாலும் அது இருந்த தொட்டியைக் கட்டவைத்தவன் ஜப்பான்காரன். யுத்தம் முற்றி, ரங்கூன் விழுந்து, அடுத்த குண்டு நம் துறைமுகத்தில்தான் என்று பாதி ஊர் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்குக் கிளம்பிவிட்டது. அப்பா கிளம்பவில்லை. துறைமுகத்துக்குப் போகும் தெருவில் அவருக்குக் கருப்பட்டி மண்டி இருந்தது. அத்தனை கருப்பட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்கு வீட்டுக்கு வீடு தண்ணீரும் மணலும் வைத்திருக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வாளியில் வைத்துக்கொண்டு சமாதானமானார்கள். அப்பாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. புறவாசலில் பாதி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசி, நான் இறங்கி நின்றால் கழுத்து வரை வருகிற தொட்டி ஒன்றைக் கட்டி, பக்கத்தில் ஒரு வண்டி ஆற்று மணலையும் கொட்டிவைத்தார்.

எங்கள் ஊர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர். தீக்கு உப்பென்றும் இனிப்பென்றும் தெரியாது. ஆனால் உப்பு காரையை அரித்துவிடும் என்று சொல்லி அப்பா மாட்டு வண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார். தெருக் குழாயடியில் குடத்தோடு கால் கடுக்க நிற்கிற அம்மாவுக்கு அதைப் பார்த்து வயிறு எரிந்தது. மனிதருக்கு இல்லாத நல்ல தண்ணீர் குண்டுக்கா என்று கேட்டாள். குண்டு கடைசி வரை வரவில்லை. கொசுதான் வந்தது. தண்ணீரில் மீன் விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று மண்டிக்கு வந்த யாரோ சொல்ல, குளத்திலிருந்து ஒரு பானை நிறையக் கெண்டைக் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அன்றைக்கு அப்பாவின் தொட்டி என்னுடைய தொட்டியாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளிம்பில் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து படுத்துக்கொள்வேன். இருந்ததிலேயே கொழுத்த மீனுக்கு எங்கள் தலைமை டீச்சரின் பெயரை வைத்திருந்தேன். அதன் நடையும் அப்படித்தான் இருந்தது.

புறவாசலில் தொட்டியைத் தவிர இன்னொருவரும் அசையாமல் கிடந்தார். அவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர்; ஊர் விழுந்ததும் காட்டு வழியாக நடந்தே வந்துவிட்டார். கூட்டாளியும் அவருமாகக் கிளம்பினார்கள் என்றும், வந்து சேர்ந்தது அவர் மட்டும் என்றும் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். வந்த புதிதில் பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து நானும் போய், காட்டில் புலி இருந்ததா யானை இருந்ததா என்று கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்படித் திரும்பியவர் பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தொட்டியை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில் நார்க்கட்டிலைப் போட்டு, ஒரு மழைக்காலமும் பனிக்காலமும் போய் வெயில் காலம் வந்த பிறகும் சுவரைப் பார்த்தே கிடந்தார்.

அம்மா மட்டும் விடாமல் அவரோடு பேசிக்கொண்டிருப்பாள். அம்மியில் அரைத்தபடியே குரல் கொடுப்பாள். "தம்பி, வெளமீனு வாங்கியிருக்கேன். கொழம்பு வைக்கட்டா, பொரிக்கட்டா?"

"ம்" என்று பதில் வரும்.

எதற்கு அந்த "ம்" என்று யாருக்குத் தெரியும்? அம்மா குழம்பும் வைப்பாள், பொரிக்கவும் செய்வாள். மாமா பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவார். மீதி எனக்கும் அண்ணனுக்கும் என்பதால் எனக்கு அந்த ஏற்பாட்டில் குறை ஒன்றும் தெரியவில்லை.

அந்த வெயிலில்தான் தொட்டிக்குக் கேடு வந்தது. தண்ணீர் முதலில் லேசாகப் பச்சை கட்டியது. பிறகு முருங்கைக் கீரையை அரைத்துக் கரைத்துவிட்டது போல ஆனது. வாடையும் வந்தது. மீன் இருக்கிறதா செத்ததா என்றே தெரியவில்லை. பொரியைத் தூவினால் நடுவில் ஒரு சுழி விழும். அதை வைத்து டீச்சர் உயிரோடு இருப்பதாக நான் தெரிந்துகொள்வேன். இந்த நிலையில்தான் முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டர் காக்கித் தொப்பியும் எண்ணெய் டின் தூக்கிய ஆளுமாகக் கொசு ஒழிக்க எங்கள் தெருவுக்கு வந்தார். தேங்கிய தண்ணீர் எங்கே இருந்தாலும் மேலே எண்ணெயை ஊற்றிவிடுவது அவர்கள் வழக்கம். எண்ணெய் படிந்த தண்ணீரில் கொசுப்புழு மூச்சுமுட்டிச் சாகும். மீனும் சாகும்.

"அண்ணாச்சி, இது தண்ணியா? பாசிக் கசாயம்லா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மீனு கெடக்குய்யா. புழுவ அது தின்னுரும்" என்றார் அப்பா.

"எங்கன கெடக்கு? காட்டுங்க பாப்போம்."

நான் பொரியைத் தூவினேன். வேண்டுமென்றே செய்தது போல அன்றைக்குப் பார்த்து ஒரு சுழியும் விழவில்லை. இன்ஸ்பெக்டரின் ஆள் டின்னின் மூடியைத் திருகத் தொடங்கினான். நான் தொட்டியின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "சரி சரி, அடுத்த தடவ வரும்போது தொட்டிக்கு அடி தெரியணும். தெரியலேன்னா எண்ணெதான். பெறகு நீ அழுதாலும் கேக்க மாட்டேன்."

அவர் போனதும் அப்பா பக்கத்தில் கிடந்த மணல் குவியலைப் பார்த்தார். "எண்ணெ எதுக்கு? அடி தெரியலேன்னா மணலத் தள்ளி மூடிருவோம்."

"மூடுங்க. அங்கன துணி காயப் போடலாம்" என்றாள் அம்மா.

தண்ணீரை மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் எந்தத் தண்ணீரை? குழாயில் அப்போது நூல் போல வந்துகொண்டிருந்தது. ஒரு குடம் கேட்டதற்கு அம்மா பார்த்த பார்வையில் நான் அடுப்படியை விட்டே ஓடிவந்துவிட்டேன். கிணற்று நீரைச் சட்டியில் இறைத்து ஒரு குஞ்சை விட்டுப் பார்த்தேன். சாயங்காலம் அது வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. அதைப் புதைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே அந்த மகத்தான யோசனை வந்தது. வேறு தண்ணீர் இல்லையென்றால் என்ன, இருக்கிற தண்ணீரையே துவைத்துவிட்டால்?

அண்ணன் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தான். அவனுடைய சயின்ஸ் புத்தகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பானை அடுக்கிய படம் இருந்தது. ஒன்றில் கூழாங்கல், ஒன்றில் மணல், ஒன்றில் கரி. மேலே கலங்கல் தண்ணீரை ஊற்றினால் கீழே தெளிந்த தண்ணீர். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. படுக்கப் போனால் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் பானை பானையாகத் தெரிந்தது. அண்ணனைத் துளைத்தெடுத்து, காலையில் அடுப்புக்கரியால் புறவாசல் சுவரில் எங்கள் திட்டத்தை வரைந்துவிட்டோம். பானை சின்னது, நம் தொட்டிக்குக் காணாது. எனவே மண்ணெண்ணெய்த் தகரங்கள். தகரங்களை நிறுத்த மூன்று தட்டுள்ள கோபுரம். கீழ்த் தகரத்திலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் போக, பனையோலையை மடித்து முடைந்த நீளமான ஓடை. அண்ணன் தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யோசனை யாருடையது என்று மீனுக்குத் தெரியும்.

அடுத்த நாட்களில் நான் நடந்ததே இல்லை, ஓடத்தான் செய்தேன். தகரங்களை மண்டியில் கெஞ்சி வாங்கினோம். கூரைக்கு வாங்கியதில் மிஞ்சிக் கிடந்த பனங்கம்புகளைக் கட்டிக் கோபுரத்தை நிறுத்தினோம். அண்ணன் தகரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கூடவே கட்டைவிரலையும் நசுக்கிக்கொண்டு, இன்ஜினியர் அழக்கூடாது என்பதால் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றான். ஓட்டை வழியே மணல் ஒழுகாமலிருக்கத் தேங்காய் நாரை அடியில் பரப்பினோம். மணலுக்குத்தான் குவியலே இருந்தது. கரிக்கு அம்மாவின் அடுப்பு. அத்தனை ஓசைக்கும் நடுவில் மாமா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சுத்தியல் சத்தம் அவருக்குக் கேட்கிறதா என்றுகூட எங்களுக்குச் சந்தேகம்.

ஒன்றுதான் இடித்தது. கூழாங்கல்லுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் தோண்டினாலும் சிப்பி, வாரினாலும் சிப்பி. கல் இருக்கிற இடத்தில் சிப்பியைப் போட்டால் தண்ணீருக்கு என்ன தெரியப்போகிறது என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். ஓலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கமிருந்த காளவாசல் என்கிற சூளைக்கு ஓடினேன். அங்கே இரண்டு குவியல் கிடந்தது. ஒன்று சேறும் பாசியுமாக, ஈ மொய்த்து, கிட்டே போக முடியாதபடி நாறியது. மற்றது வெள்ளை வெளேரென்று, பொசுபொசுவென்று, கையில் எடுத்தால் கனமே இல்லாமல், எனக்காகவே யாரோ வெளுத்து வைத்தது மாதிரி இருந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்ய அழுக்குச் சிப்பியையா யாராவது எடுப்பார்கள்? வேலை செய்கிற ஒரு அக்கா வேப்பமர நிழலில் சேலையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் சிப்பி எடுத்துக்கிடட்டா?"

"எடுத்துக்கோளா" என்றாள், சேலையை விலக்காமலே.

வெள்ளைக் குவியலில் பெட்டி நிறைய வாரிக்கொண்டு வந்தேன். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு எங்கள் வீட்டுக்கு டப்பாவில்தான் வரும். சிப்பியைச் சுட்டால்தான் அது ஆகிறது என்றும், சுட்ட சிப்பியில் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்றும் எனக்கு யாரும் சொன்னதில்லை. அண்ணனின் சயின்ஸ் புத்தகத்தில் அதுவும் இருந்தது, சில பக்கங்கள் தள்ளி. அவர்கள் வகுப்பு இன்னும் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை.

பார்க்க அழகாக இருக்கிறது என்பதால் சிப்பித் தகரத்தை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினோம். அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அம்மாவையும் கட்டாயப்படுத்தி இழுத்துவந்து நிறுத்தினேன். அண்ணன் ஸ்டூலில் ஏறி நின்றான். நான் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு கொடுக்க, அவன் அதைக் கோவிலில் அபிஷேகம் செய்வது போல உயரத் தூக்கி ஊற்றினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேல் தகரத்திலிருந்து "ஸ்ஸ்..." என்று ஒரு சீறல் வந்தது. ஆவி எழுந்தது.

"வேல செய்யுது! வேல செய்யுது!" என்று அண்ணன் ஸ்டூலின்மேல் குதித்தான். நானும் கை தட்டிக்கொண்டு குதித்தேன். இன்னும் ஊற்று இன்னும் ஊற்று என்று வாளி வாளியாக மொண்டு கொடுத்தேன். சிப்பிகள் படபடவென்று வெடித்தன. தகரம் உப்பியது. உள்ளேயிருந்து பால் பொங்குவது மாதிரி வெள்ளையாக ஒன்று பொங்கி, வழிந்து, இரண்டாம் தகரத்தில் விழுந்து, மூன்றாம் தகரத்தில் விழுந்து, புகைந்துகொண்டே ஓலை ஓடையில் தொட்டியைப் பார்த்து ஓடிவந்தது. நான் வாளியைக் கீழே போட்டேன். முதல் சொட்டுகள் பச்சைத் தண்ணீரில் விழுந்து வெண்புகையாக விரிந்தன. அந்த இடத்தில் ஒரு மீன் துள்ளியது. கத்த வாய் திறந்தேன்.

"சுண்ணாம்புலே! எறங்குலே கீழ!"

யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. நார்க்கட்டில் கிறீச்சிட்டது. வேட்டியை அள்ளிப் பிடித்தபடி மெலிந்த கால்களோடு மாமா ஓடிவந்தார். அண்ணனை ஒரு கையால் ஸ்டூலிலிருந்து இழுத்துப் போட்டார். தோளைக் கொடுத்துக் கோபுரத்தைத் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் தள்ளினார். மூன்று தகரமும் முற்றத்தில் விழுந்து உருண்டன. வெள்ளைக் குழம்பு தெறித்து, கொடியில் காய்ந்த துணியிலும், அப்பாவின் சட்டையிலும், அண்ணன் தலையிலும் அப்பியது. எல்லாரையும்விட அதிகமாக அப்பியது மாமாவின்மேல்தான்.

மாமா தன் கையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அவன் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தான். மாமாவின் தொண்டையிலிருந்து என்னவோ போல ஒரு ஓசை வந்தது. சுட்டுவிட்டது, அழுகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அந்த ஓசை பெரிதாகி, தோள் குலுங்க ஆரம்பித்தபோதுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார்.

அம்மா அதற்குள் முற்றம் பெருக்குகிற வாரியலைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்திருந்தாள். அந்த வாரியலின் அருமை எனக்கும் என் முதுகுக்கும் நன்றாகத் தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால் வாரியல் கீழே கிடக்கிறது. அம்மா துவைகல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். யுத்த காலத்தில் தகரம் கிடைக்காதுதான். ஆனாலும் நசுங்கிப்போன தகரத்துக்கு இந்த அழுகையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதைவிட அநியாயம் அடுத்தாற்போல் நடந்தது. அம்மா உள்ளே ஓடி, குடிப்பதற்கென்று பிடித்துவைத்திருந்த நல்ல தண்ணீரை அண்டாவோடு இழுத்துவந்து, "எரியுதாய்யா? எரியுதாய்யா?" என்று கேட்டுக் கேட்டு மாமாவின் தலையிலிருந்து கால் வரை அத்தனையையும் ஊற்றித் தீர்த்தாள். பிறகு உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தடவினாள். என் மீனுக்கு ஒரு குடம் தராதவள்! அண்ணனுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் கிடைத்தது.

தொட்டிக்குள் விழுந்தது ஏதோ கொஞ்சம்தான். ஒரு மீன் மட்டும் செத்தது. அது டீச்சர் இல்லை. இனி மணலைத் தள்ளி மூடிவிடுவார்கள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவோ சாயங்காலம் மண்டியிலிருந்து புதுசு போல மூன்று தகரங்களைத் தானே தலையில் வைத்துக் கொண்டுவந்து மாமாவின் கட்டிலருகே இறக்கினார்.

"மாப்ளே, இத என்னன்னு பாரு. சின்னப் பிள்ளைக செய்யுத வேலயா இது?" என்றார்.

என் திட்டம் அப்பாவையே அசைத்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா கட்டிலில் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரிலிருந்த எங்கள் கரிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "சிப்பிய மேல வைக்கப்பிடாதுளா, கீழ வைக்கணும்" என்றார். நான் விட்டுக்கொடுப்பேனா? புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டி வாதாடினேன். அவரும் சளைக்காமல் வாதாடினார். அண்ணன் நடுவராக இருந்து இரண்டு பேருக்கும் புரியாததாக ஒன்றைச் சொன்னான். கடைசியில் நார் மேலே, மணலும் கரியும் நடுவே, சிப்பி அடியில் என்று முடிவாயிற்று. இந்தத் தடவை காளவாசலில் நாறும் குவியலிலிருந்து அள்ளிவந்து, வேகவைத்து, தேய்த்துக் காயப்போட்டோம். மணலை அலசினோம், அலசினோம், கழுவிய தண்ணீர் கலங்காமல் வரும் வரை அலசினோம். கரியைத் தட்டிச் சல்லடையில் சலித்தோம். மூக்கு, காது எல்லாம் கரி. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுக்கானது இல்லை.

ஊற்றினோம். பச்சையாகப் போன தண்ணீர் இளமஞ்சளாக ஓடையில் வந்தது. கூத்தாடினேன். ஆனால் ஒரு விஷயத்தைப் புத்தகமும் சொல்லவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. தொட்டித் தண்ணீர் தானாக மேலே ஏறுமா? யாராவது மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றியது வடிந்து தொட்டியில் விழுந்து, பச்சையோடு கலந்து, அதை மறுபடி மொண்டு, மறுபடி ஊற்றி, தொட்டி முழுக்கத் தெளிகிற வரை. நானும் அண்ணனும் மாறி மாறி ஊற்றினோம். மதியத்துக்குள் எனக்குக் கை மரத்துப்போய்ச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அண்ணனுக்குப் பாடம் இருப்பது திடீரென்று ஞாபகம் வந்தது.

மாமா எழுந்து வந்து என் கையிலிருந்த வாளியை வாங்கினார்.

அதன் பிறகு அவர் அதைக் கீழே வைக்கவில்லை. விடிந்ததும் தொடங்குவார், வெயில் ஏறினால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். குனிந்து, மொண்டு, நிமிர்ந்து, ஊற்றி, வடிவதைப் பார்த்து நின்று, மறுபடி குனிவார். சாயங்காலம் மணலை எடுத்து அலசி மறுபடி போடுவார். தட்டைத் தள்ளாமல் தின்றார். இன்னும் கொஞ்சம் என்று கேட்டுத் தின்றதால் எனக்குக் கிடைத்துவந்த பொரித்த மீன் போயிற்று. பரவாயில்லை என்று பொறுத்துக்கொண்டேன். சம்பளமில்லாமல் ஒரு ஆளை வேலைக்குப் பிடித்துவிட்டேன் என்று அண்ணனிடம் அளந்தேன். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் அவராகவே பேசினார்.

"வழியில நாங்க குடிச்ச தண்ணி இதவிடப் பச்சைளா."

"பெறகு?"

"பெறகு என்ன. கூட வந்தவனும் குடிச்சான். நானும் குடிச்சேன்."

அவ்வளவுதான். வாளியை முக்கி எடுத்து ஊற்றினார். அதில் புலி யானை எதுவும் இல்லாததால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு அப்போது வேறு கவலை. தண்ணீர் பச்சை போய் மஞ்சளாகி, மஞ்சள் போய்க் கஞ்சித் தெளிவு போல நின்றது. அதற்குமேல் தெளிவேனா என்றது. இன்ஸ்பெக்டர் எந்த நாளும் வந்துவிடலாம். காலையில் கண் விழித்ததும் முகம் கழுவாமல் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். ஒரு காலை அப்படிப் பார்த்தபோது மீன்களுக்குக் கீழே கறுப்பாக இன்னும் சில மீன்கள் நீந்தின. குஞ்சு பொரித்துவிட்டது என்று கத்தப் போனேன். பிறகு புரிந்தது: அது மீன்களின் நிழல். நிழல் அடியில் விழுந்திருந்தது. அடி தெரிந்தது! சொரசொரப்பான காரை தெரிந்தது, காணாமல் போனதற்கு அம்மா ஊரையே சந்தேகப்பட்ட பித்தளைக் கரண்டி தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அவரை நான் கையைப் பிடித்தே இழுத்துவந்தேன். அவர் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். எண்ணெய் டின் தூக்கி வந்த ஆள் அதைக் கீழே வைத்துவிட்டு, "அய்யா, கரண்டிகூடத் தெரியுது" என்றான்.

"யாரு செஞ்சது இது?"

"நாந்தான்" என்றேன். "நாந்தான்" என்றான் அண்ணன். இன்ஸ்பெக்டர் மாமாவைப் பார்த்தார்.

"இவதான் செஞ்சா. நான் தண்ணி ஊத்துத ஆளு" என்றார் மாமா. கொஞ்சம் கழித்து, கேட்காமலே, "ரங்கூன்ல இருந்தேன்" என்றும் சொன்னார். அம்மா நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜெயித்தவர்களால் சும்மா இருக்க முடியாது. தண்ணீரைத் தெளியவைத்தாயிற்று; மறுபடி பச்சை கட்டாமலிருக்க மாமா ஊற்றிக்கொண்டே இருந்தார்; அடுத்து, ஊற்றுகிற வேலையையே ஒழித்துவிட்டால் என்ன என்று என் மூளை குடைய ஆரம்பித்தது. மண்டியில் பெரிய மரப் பீப்பாய் ஒன்று சும்மா கிடந்தது. அதை மதில் சுவர் மேல் ஏற்றி, அடியில் சின்ன ஓட்டை போட்டு, காலையில் ஒரே தடவை நிரப்பிவிட்டால் போதும். நாள் முழுக்கத் தானாகச் சொட்டும். யாரும் கை நோக வேண்டாம். ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது தட்டில் சோற்றைப் பீப்பாயாகக் குவித்து, குழம்பைத் தண்ணீராக ஓடவிட்டு, அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா கெட்டிக்காரி என்று தலையில் தட்டினார். பிறகு ஏனோ அம்மாவைப் பார்த்தார்.

"பீப்பாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அம்மா.

"மாமாவுக்கு லேசா இருக்கும்லா? காலையில ஒரு தடவ ஊத்திட்டா, பெறகு நாளு பூரா கட்டில்ல படுத்துக்கிடலாம்."

"அவன் ஊத்தட்டும்."

"கை வலிக்காதாம்மா?"

"வலிக்கட்டும்."

குழம்பா பொரியலா என்று தெரியாமல் இரண்டையும் செய்துபோட்டவளா இப்படிப் பேசுகிறாள்? கூடப்பிறந்த தம்பிக்குக் கை வலிக்கட்டும் என்று ஒருத்தி வாய்கூசாமல் சொல்வாளா? பாதிச் சாப்பாட்டில் எழுந்து புறவாசலுக்குப் போய், அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் மாமாவிடம் சொன்னேன். அவருக்கு நியாயம் கேட்க இந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

மாமா வாளியைப் பிடித்தபடியே கேட்டார். "அப்பிடியா சொன்னா?" என்று சிரித்தார். பிறகு குனிந்து அடுத்த வாளியை மொண்டார். ரோஷம் கெட்ட மனிதர்.

அன்று முழுவதும் மாமாவுக்காக நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தவள் நடுவில் கையை நிறுத்திவிட்டுப் புறவாசல் பக்கம் காதைக் கொடுத்தாள். வாளி தண்ணீரில் முங்குகிற சத்தம் கேட்டது. மறுபடி கிண்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நிறுத்தி, மறுபடி கேட்டாள். வேலை செய்கிறாரா, ஏய்க்கிறாரா என்று இப்படியா ஒருத்தி ஒட்டுக் கேட்பாள்? கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு படுத்தேன்.